ஜி.என்.எம். முடித்த நர்ஸ் எம்.எஸ்சி. வரை போக என்ன வழி? பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "தர்மபுரியில் ஜி.என்.எம்., அதாவது நர்சிங் டிப்ளமோ முடித்தேன். வயது 28. பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி ஒரு பையன், அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு. வகுப்புக்கே போகாமல் ஒன்றரை வருடத்தில் எம்.எஸ்சி. நர்சிங் சர்டிஃபிகேட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சேரலாமா? நேராக எம்.எஸ்சி. படிக்க வேறு வழி உண்டா? கன்னடம் வாசிக்கத் தெரியாது, அது பிரச்சினையாகுமா?"

சேராதீர்கள் தங்கச்சி. முன்பணமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும்போதே ஆளின் லட்சணம் தெரிந்துவிடும்.

நேராக எம்.எஸ்சி.க்கு வழி இல்லை. அமெரிக்காவில் டிப்ளமோ நர்ஸ் சில வருடத்தில் முதுகலை வரை ஒரே மூச்சில் போகிற பாலப் படிப்புகள் உண்டு. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஏஜென்ட்களும் அந்த நினைப்பில்தான் பிழைக்கிறார்கள். இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர பி.எஸ்சி. நர்சிங்கோ, ஜி.என்.எம். முடித்தவர்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்திருக்க வேண்டும். அதில் மொத்தம் 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. ஒரு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்த ஒரு வருடம் படிப்புக்கு முன்னால் செய்த வேலையாக இருந்தாலும் செல்லும் என்பது உங்களுக்குச் சாதகம். ஆக, போஸ்ட் பேசிக் இரண்டு வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம். இன்று தொடங்கினால் முடிக்கும்போது வயது 32, 33. அதற்குக் குறைவான காலத்தில் யாராவது கணக்குச் சொன்னால் அந்தக் கணக்கில் எங்கோ பொய் இருக்கிறது.

வகுப்புக்கே போகாமல் சர்டிஃபிகேட் வாங்கும் இந்த "நான்-அட்டெண்டிங்" (non-attending) விவகாரத்தை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பெரிய சந்தையே நம் பெங்களூர்தான். தமிழ்நாடு, கேரளா, வங்காளம், வடகிழக்கு என்று எல்லா ஊரிலிருந்தும் பிள்ளைகள் நர்சிங் படிக்க வருகிற ஊர் இது. நல்ல கல்லூரிகளும் இருக்கின்றன, வெறும் போர்டு மாட்டிய கட்டடங்களும் இருக்கின்றன. இந்திய நர்சிங் கவுன்சில், அதாவது ஐ.என்.சி. விதிப்படி தேர்வு எழுதவே தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங்கைத் தொலைதூரக் கல்வியில் படித்தால் ஐ.என்.சி. ஏற்பதில்லை. "பல்கலைக்கழக சர்டிஃபிகேட் ஒரிஜினலாகவே வரும் மேடம்" என்று ஏஜென்ட் சொல்லுவார். வரலாம். காகிதம் அசலாக இருப்பதனால் மட்டும் நீங்கள் தப்பிவிட முடியாது. முழுநேரப் படிப்பு படித்ததாகச் சொல்லும் அதே இரண்டு வருடமும் உங்கள் பெயரில் மாதா மாதம் பி.எஃப். கட்டப்பட்டிருக்கும். நாளைக்கு ஒரு அரசு வேலைக்கோ, வளைகுடா நாட்டு வேலைக்கான டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்புக்கோ போகும்போது அனுபவச் சான்றிதழையும் படிப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காலை எட்டு மணிக்கு வார்டிலும் வகுப்பிலும் ஒரே ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஐந்து வருட ஐ.சி.யு. அனுபவம் உங்களுடைய உண்மையான சொத்து. அந்தப் பொய்க் காகிதம் கூடச் சேர்ந்தால் அதையும் சேர்த்துச் சந்தேகப்பட வைத்துவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எம்.எஸ்சி. எதற்கு?

நான் பெங்களூரில் பல வருடம் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். நம் நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் பெரும்பாலும் உங்களை நோயாளியின் படுக்கையருகிலிருந்து வகுப்பறைக்குக் கூட்டிப்போகும் படிப்பு. முதல் வருடத்துப் பாடங்களைப் பாருங்கள்: நர்சிங் கல்வி, மேம்பட்ட நர்சிங் பயிற்சி, ஆராய்ச்சியும் புள்ளியியலும், நீங்கள் எடுத்த சிறப்புப் பிரிவின் முதல் பாகம். இரண்டாம் வருடம் நர்சிங் நிர்வாகம், சிறப்புப் பிரிவின் இரண்டாம் பாகம், டிசர்டேஷன் எனும் ஆய்வேடு. ஆசிரியர், நிர்வாகி, ஆராய்ச்சியாளர் மூன்று பேரையும் உருவாக்கப் போட்ட பாடத்திட்டம் இது. வார்டில் நிற்கப் பிடித்தவர்கள் இதை முடித்துவிட்டுப் பழைய ஐ.சி.யு.வுக்கே திரும்பினால் பல தனியார் மருத்துவமனைகளில் சம்பளம் பெரிதாக ஏறாது. "எம்.எஸ்சி. படிச்சவங்க எங்களுக்கு எதுக்கு, ஆறு மாசத்துல காலேஜுக்குப் போயிடுவீங்க" என்று நர்சிங் சூப்பரின்டெண்டென்டே நேர்காணலில் சொல்லுவார். சிறிய தனியார் கல்லூரியில் புதிதாகச் சேரும் எம்.எஸ்சி. ஆசிரியைக்கு, அனுபவமுள்ள ஐ.சி.யு. நர்ஸை விடக் குறைவான சம்பளம் கிடைப்பதும் உண்டு. இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் மட்டும் உட்கார ஆள் தேடும் கல்லூரிகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அதனால் "எம்.எஸ்சி. பெரியது, ஜி.என்.எம். சின்னது" என்று ஏணி மாதிரி யோசிக்க வேண்டாம். இன்னும் பத்து வருடம் கழித்து டியூட்டி நாளின் காலை எட்டு மணிக்கு எங்கே நிற்க ஆசை என்று யோசியுங்கள். அதற்கேற்ப வழி மாறும்.

வகுப்பறைதான் என்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் தொடங்குங்கள். பிளஸ் டூ பாஸ், ஜி.என்.எம்., மாநிலக் கவுன்சிலில் நர்ஸ், மிட்வைஃப் என்ற இரண்டு பதிவும் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகள் 1996-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, நாம் ஆர்.ஜி.யு.எச்.எஸ். என்போமே அதுதான். வெளிமாநிலத்தில் படித்தவர்களிடம் இந்தப் பல்கலைக்கழகம் எலிஜிபிலிட்டி சர்டிஃபிகேட் கேட்கும். அதற்கான காகிதங்களைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ஹால் டிக்கெட் வராமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். உங்கள் தமிழ்நாடு கவுன்சில் பதிவை வைத்துக் கர்நாடக நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறீர்கள், இது எப்போதோ முடிந்திருக்க வேண்டிய வேலை. ஐ.என்.சி.யின் தேசியப் பதிவேட்டில் உங்கள் தனி எண்ணையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மருத்துவமனையைப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை படுக்கை, அந்தப் படுக்கைகளில் நிஜமாகவே நோயாளிகள் இருக்கிறார்களா என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லா வார்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அங்கீகாரத்தையும் நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும். கர்நாடகக் கல்லூரிகளுக்கு ஐ.என்.சி. அங்கீகாரம் தனியாக வேண்டுமா, மாநிலக் கவுன்சிலும் பல்கலைக்கழகமும் போதுமா என்பது 2017-இல் உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். வெளிமாநிலப் பிள்ளைகள் ரொம்பவே குழம்பிப் போனார்கள். நாளைக்குத் தமிழ்நாட்டுக்கே திரும்பும் எண்ணம் இருந்தால், நீங்கள் பார்க்கும் கல்லூரியின் பட்டத்தைப் பதிவு செய்வீர்களா என்று சென்னையில் இருக்கும் தமிழ்நாடு கவுன்சிலிடம் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். 1947-ஆம் வருடத்து ஐ.என்.சி. சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது என்பதால், விதிகளைப் பொறுத்தவரை பழைய சீனியர் சொன்னதை நம்பாமல் சேரும் வருடத்து அறிவிப்பையே படியுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டிகிரி அளவில் தொலைதூரத்தில் மதிப்போடு படிக்கக்கூடிய வழி இது ஒன்றைத்தான் நான் தயங்காமல் சொல்வேன். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை மூன்று வருடப் படிப்பாக நடத்துகிறார்கள். பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்து, பதிவு செய்த பிறகு இரண்டு வருட அனுபவம் உள்ளவர்கள் நுழைவுத் தேர்வு எழுதலாம். தொலைதூரம் என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிட முடியாது. ஒதுக்கிய படிப்பு மையத்துக்குப் போய்ப் பிராக்டிகல் செய்தே ஆக வேண்டும், அசைன்மெண்ட் எழுதியே ஆக வேண்டும். பாதியில் நிற்கிறவர்கள் அதிகம், அதற்குக் காரணம் பாடம் கஷ்டம் என்பதல்ல. பிராக்டிகல் நாட்களுக்கு மருத்துவமனை லீவு தராது, இன்சார்ஜ் சிஸ்டர் முகம் சுளிப்பார். சேரும் முன்பே ஹெச்.ஆர்.இடம் எழுத்தில் என்.ஓ.சி. வாங்கிக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி.க்குக் குறிவைத்திருக்கும் பல்கலைக்கழகம் இக்னோ பட்டத்தை ஏற்கிறதா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

ரெகுலராகப் படித்துக்கொண்டே நிரந்தர நைட் டியூட்டி பார்க்கிறவர்களும் இங்கே உண்டு. செய்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். நைட் முடித்துவிட்டு வந்து மைக்ரோபயாலஜி வகுப்பில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கும் பிள்ளைகளை எழுப்ப எனக்கு மனசு வந்ததில்லை. ஆனால் அதே பிள்ளை மறுநாள் ராத்திரி ஐ.சி.யு.வில் இன்ஃப்யூஷன் பம்பில் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்தின் ரேட்டை மாற்றப்போகிறாள் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும். கையில் குழந்தையும் இருக்கும்போது இதை நான் உங்களுக்குச் சொல்லவே மாட்டேன்.

போஸ்ட் பேசிக்கில் பாதிப் பாடம் உங்களுக்குப் பழையதாகத் தெரியும். பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன், சைக்காலஜி, சோஷியாலஜி எல்லாம் புத்தகத்தைத் தொட்டு வருடங்கள் ஆனதால் பயமாக இருக்கும், அவ்வளவுதான். புதிதாக வருவது இரண்டாம் வருடத்து ஆராய்ச்சி அறிமுகமும் புள்ளியியலும். அதை ஒழுங்காகப் படித்தால் எம்.எஸ்சி. பாதி சுலபம். மார்க்கையும் விட்டுவிடாதீர்கள். டெல்லி எய்ம்ஸில் எம்.எஸ்சி. சேர பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம் கேட்கிறார்கள். 57-இல் பாஸ் செய்துவிட்டு அப்புறம் அந்த அறிவிப்பைப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

எம்.எஸ்சி.யில் எடுக்கக்கூடிய பிரிவுகள் ஐந்து: மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், நரம்பு, புற்றுநோய், சிறுநீரகம், கிரிட்டிகல் கேர் என்று உட்பிரிவுகள். எந்தப் பிரிவு என்பதையும் எந்த ஊர் என்பதையும் தனித்தனியாக யோசிக்காதீர்கள். மனநல நர்சிங் என்றால் இந்தியாவிலேயே நீங்கள் போக வேண்டிய இடமான நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் ரோட்டில், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு வழியாக எடுக்கிறார்கள். புற்றுநோய் என்றால் மும்பை டாடா மெமோரியல், எம்.எஸ்சி.யும் அங்கே ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில் கிடைக்கும். கிரிட்டிகல் கேர், இதயம், நரம்பு, சிறுநீரகம் என்று தனித்தனியாக வேண்டுமானால் எய்ம்ஸ். இந்தியாவில் முதுகலை நர்சிங் தொடங்கியதே டெல்லி ராஜ்குமாரி அம்ரித் கௌர் நர்சிங் கல்லூரியில்தான், 1959-இல். அதற்கு முன்னால் 1946-இல் நர்சிங்குக்கு டிகிரி கொண்டுவந்தபோது டெல்லியோடு கூடவே தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி. நல்ல இடத்தில் சீட் கிடைத்தால் ஊர் மாறத் தயங்காதீர்கள் என்பேன். ஆனால் ஐந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு டெல்லி என்பது சொல்வதற்கு லேசு. வீட்டில் யார் கூட இருப்பார்கள் என்பதை வைத்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிசர்டேஷன் பற்றி ஒன்று சொல்ல ஆசை. எம்.எஸ்சி. பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே தலைப்பில் ஊரையும் நோயையும் மட்டும் மாற்றிப் போட்டு எழுதுவார்கள்: "இன்ன நோய் குறித்த அறிவில் கட்டமைக்கப்பட்ட போதனைத் திட்டத்தின் பயன்". முன்தேர்வு, ஒரு சார்ட்டைக் காட்டி அரை மணி நேரப் பேச்சு, பின்தேர்வு, மார்க் கூடிவிட்டது, முடிந்தது. சொல்லிக்கொடுத்தால் மார்க் கூடும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி வேண்டுமா? உங்களைப் போல ஐ.சி.யு.விலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கஷ்டமே வேண்டாம். வென்டிலேட்டர் நோயாளியின் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை படுக்கையாகப் போய் அளந்து பார்த்தால் எத்தனை படுக்கையில் அது 30 இருக்கிறது? பக்கம் மாற்றிப் படுக்க வைத்தபோது இறக்கியது, மறுபடி ஏற்றினார்களா? நர்ஸ் ஒருத்திக்கு இரண்டு நோயாளி என்றிருக்கும் ராத்திரிக்கும் மூன்று நோயாளி என்றிருக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் உண்டா? இப்படி ஒரு கேள்வியோடு சினாப்சிஸ், அதாவது ஆய்வின் முன்வரைவு எழுதினால் வழிகாட்டி ஆசிரியையே நிமிர்ந்து உட்காருவார். எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குக் காலம் பிடிக்கும், அதனால் தலைப்பை முதல் வருடப் பாதியிலேயே முடிவு செய்துவிடுங்கள். இப்போது வேலை பார்க்கும்போதே ஒரு சின்ன நோட்டில் இப்படிப்பட்ட சந்தேகங்களைக் குறித்து வையுங்கள்.

நோயாளியை விட்டு வரப் பிடிக்கவில்லை, ஆனால் படிப்பும் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு முதுகலைப் படிப்பு இருக்கிறது: நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர். ஐ.என்.சி. கொண்டுவந்த இரண்டு வருட ரெசிடென்சிப் படிப்பு. வகுப்பு கொஞ்சம், மீதியெல்லாம் ஐ.சி.யு.வில்தான். இதற்கும் டிகிரி வேண்டும், ஒரு வருட வார்டு அனுபவம் வேண்டும், கிரிட்டிகல் கேர் என்றால் இன்னும் நல்லது. உங்கள் அனுபவத்துக்கு அச்சாகப் பொருந்துகிற படிப்பு. ஆனால் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் தனியாக கிளினிக் வைத்து மருந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு அதே எண்ணத்தோடு போகாதீர்கள். இங்கே அந்த மருத்துவமனையின் புரோட்டோகால் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவுதான். அந்தப் பெயரில் தனிப் பணியிடம் வைத்திருக்கும் மருத்துவமனைகளும் குறைவு. சேரும் முன் அந்தக் கல்லூரியில் முடித்துப் போனவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலில் "டியூட்டர்", அதாவது கல்லூரியில் பாடம் எடுப்பவர் என்பதே திரும்பத் திரும்ப வந்தால் சாதாரண எம்.எஸ்சி.க்கும் இதற்கும் உங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை.

டிகிரியே வேண்டாம், கையில் திறமை கூட வேண்டும் என்றால் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ. கிரிட்டிகல் கேர், எமர்ஜென்சி, ஆங்காலஜி, கார்டியோ தொராசிக், நியோநேட்டல், ஆபரேஷன் தியேட்டர், மனநலம் என்று பல. ஜி.என்.எம்.மோடு, டிகிரி இல்லாமலே சேரலாம். பெயரில் "டிப்ளமோ" என்று இருப்பதால் யாரும் மதிப்பதில்லை என்பது என் வருத்தம். டயாலிசிஸ், கேத் லேப், குழந்தைகள் ஐ.சி.யு. என்று தனிப் பிரிவுகளில் ஆள் எடுக்கும்போது இதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் எம்.எஸ்சி.க்குப் போகும் தகுதியை இது தராது, டிகிரிக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

உங்கள் வயதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது படிப்பே அல்ல, நார்செட். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் அகில இந்தியத் தேர்வு. ஜி.என்.எம். போதும், ஆனால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு மூன்று வருடமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருடமும் தளர்வு. சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 7, அடிப்படை மட்டும் 44,900 ரூபாய். அதற்கு மேல் படிகள். இதில் உள்ளே போய்விட்டால் மேற்படிப்புக்கான வழியே வேறு. மத்திய அரசு விடுப்பு விதிகளில் படிப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. ஐந்து வருடப் பணிக்குப் பிறகு, மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம் வரை, பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு எடுக்கலாம். நிர்வாகம் அனுமதித்தால்தான், கேட்ட உடனே கிடைக்காது. கிடைத்தவர்கள் வேலையை விடாமல் எம்.எஸ்சி. முடித்திருக்கிறார்கள். எம்.எஸ்சி. பிறகும் இருக்கும், நார்செட் வயது இருக்காது. அதனால் உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால், கல்லூரி விண்ணப்பம் ஒரு கையில், நார்செட் புத்தகம் மறு கையில் என்றுதான் சொல்லியிருப்பேன். ஓ.பி.சி. என்றால் மத்திய அரசு வடிவத்தில் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மட்டும் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

எந்த வழி போனாலும் அனுபவச் சான்றிதழ்தான் காலை வாரும். "இவர் எங்கள் மருத்துவமனையில் 2020 முதல் பணிபுரிகிறார், நன்னடத்தை உள்ளவர்" என்று ஒரு வரியில் ஹெச்.ஆர். கொடுப்பதை வாங்கி வந்துவிடுவார்கள். அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் தெரியுமா? லெட்டர்ஹெட்டில், அனுப்பிய எண்ணோடு, நீங்கள் சேர்ந்த நாள், கடைசி நாள் இரண்டும் தேதி மாதம் வருடத்தோடு. பதவியின் பெயர். எந்த வார்டு, அதாவது ஐ.சி.யு. என்றால் மெடிக்கலா சர்ஜிக்கலா. மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, இதைத்தான் எல்லோரும் விடுவார்கள். முழுநேரப் பணி என்ற வார்த்தை. உங்கள் கவுன்சில் பதிவு எண். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அல்லது மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட் கையெழுத்து, கீழே பெயரும் முத்திரையும். உங்கள் பெயரும் இன்ஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நமக்கு இன்ஷியல் ஒரு தீராத தலைவலி, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரையும் சேர்த்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். வேலையை விட்டுவிட்டுப் போய்க் கேட்டால் அலைய விடுவார்கள், பணியில் இருக்கும்போதே வாங்குங்கள். கல்லூரியில் அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும்போது எதையெல்லாம் கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம். ரெகுலர் படிப்பென்றால் கட்டணத்தை விடப் பெரிய செலவு, இரண்டு வருடம் வராமல் போகும் உங்கள் சம்பளம். அதைச் சேர்த்துக் கணக்குப் போடாமல் சேர்கிறவர்கள்தான் இரண்டாம் வருடம் திணறுகிறார்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. மேலாளர் கேட்டால் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஏஜென்ட் "பேக்கேஜ்" சொன்னால் ஏற்காதீர்கள், டியூஷன், தேர்வு, ஹாஸ்டல், யூனிஃபார்ம், கிளினிக்கல் கட்டணம் என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

வெளிநாடு போவதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்றால் எம்.எஸ்சி.க்குச் செலவழிக்கும் காலத்தை ஆங்கிலத் தேர்வுக்கும் அந்த நாட்டு லைசென்ஸ் தேர்வுக்கும் செலவழிப்பது லாபம். அமெரிக்காவுக்கான லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸை பெங்களூரிலேயே எழுதலாம். இங்கே எடுத்த எம்.எஸ்சி.யால் அங்கே நேராக நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட முடியாது, அந்த நாட்டிலேயே திரும்பப் படிக்க வேண்டும். பிஎச்.டி. இப்போது உங்களுக்குத் தூரம், தெரிந்துகொள்ள மட்டும் சொல்கிறேன்: ஐ.என்.சி. நடத்தும் தேசியக் கூட்டமைப்பின் பிஎச்.டி. நம் ஆர்.ஜி.யு.எச்.எஸ்.ஸோடு சேர்ந்துதான் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபிலை நிறுத்திவிட்டதால், எம்.ஃபில் சீட் என்று யாராவது வந்தால் அதையும் நம்பாதீர்கள். ஆசிரியப் பணியில் மேலே போக ஆசைப்பட்டால் வருடங்கள்தான் முக்கியம். கல்லூரி முதல்வர் ஆக எம்.எஸ்சி.யோடு மொத்தம் 15 வருட அனுபவம் கேட்கிறார்கள். முன்கூட்டியே எம்.எஸ்சி. முடிப்பதில் இருக்கும் ஒரே அவசரம் அதுதான்.

கடைசியாகக் கன்னடம். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான், அதில் கவலை வேண்டாம். பெங்களூர் வார்டுகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்துதான் பேச்சு, ஐந்து வருடத்தில் "எல்லி நோவு, ஊட்டா மாடிதீரா" (எங்கே வலி, சாப்பிட்டீர்களா) உங்களுக்குப் பழகியிருக்கும். சிரமம் வருவது போஸ்ட் பேசிக் இரண்டாம் வருட சமுதாய நல போஸ்டிங்கில். ஊருக்கு வெளியே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஆஷா ஊழியரோடு வீடு வீடாகப் போக வேண்டும், கர்ப்பிணிகளின் தாயி கார்டை, அதாவது தாய்-சேய் விவர அட்டையைப் பார்த்து விவரம் எடுக்க வேண்டும். அதில் பெயரும் ஊரும் கன்னடத்தில் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும், அதற்குத் தனி வகுப்பெல்லாம் வேண்டாம். உங்கள் பையன் அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு என்கிறீர்கள், பள்ளியில் அவனுக்குக் கன்னடப் புத்தகம் கொடுப்பார்கள். வீட்டுப்பாடத்துக்கு அவனோடு உட்காருங்கள்.